ரைட்டர் சின்னப்பன் கடைசியாகச் சொன்னது

பங்கு இல்லம், மேல்சோலை
3 நவம்பர் 2025

அன்புள்ள சகோதரி சாந்தாமேரி அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

நேற்று கல்லறைத் திருநாளுக்குச் செம்மநத்தம் வந்து திரும்பியதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கல்லறைகளைச் சுத்தமாக வைத்திருந்தீர்கள். மழையிலும் கூட்டம் வந்தது. ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது.

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக ஐம்பது நிமிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்தார். அவரும் முழந்தாளிட்டு, ஏற்காடு பஸ் பதினொன்றரைக்கா பன்னிரண்டுக்கா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஆகஸ்டில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்டோபரில் பதினெட்டு.

காரணம் என்ன என்று உங்கள் ஊர்க் கலாவதியிடம் விசாரித்தேன். "நாங்கதான் அக்காகிட்டச் சொல்லிட்டமுங்களே சாமி, ரெண்டு தடவ எதுக்குங்க" என்றார்.

இதோடு எழுத்தில் ஒரு புகாரும் வந்திருக்கிறது. கொடுத்தவர் நம் பங்குப் பேரவைச் செயலர் ஆசிர். அவருடைய தந்தை ரைட்டர் சின்னப்பன் இறந்த அன்று, மண்சரிவால் நான் வர முடியாமல் போனபோது, நீங்கள் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டதாகப் புகார் சொல்கிறது. உண்மைதானா? பாவமன்னிப்பு கொடுத்தீர்களா? மற்றவர்களும் உங்களிடம் வருகிறார்களா?

உங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பதில்லை. மறைவட்ட முதன்மைக் குருவும் எல்லாம் தாளில் இருக்க வேண்டும் என்கிறார். ஆகவே காலை பஸ் கண்டக்டர் கோகுலிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு வழிபாடு நடத்த உங்களுக்குள்ள அனுமதி இம்மாதம் 29ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன் இது தெளிவாக வேண்டும்.

கிறிஸ்துவில்,
அருட்தந்தை கிறிஸ்துதாஸ்


செம்மநத்தம்
5 நவம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

மரியாயே வாழ்க.

கோகுல் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். ஒட்டிய உறை ஒட்டியபடியே இருந்தது. அவர் இந்து. நம்முடைய பாவங்களில் அவருக்கு ஆர்வம் கிடையாது.

கேட்டதற்குச் சொல்கிறேன். அக்டோபர் 21, தீபாவளிக்கு மறுநாள். வாழவந்தித் திருப்பத்தில் மண் சரிந்து, இரண்டு சில்வர் ஓக் மரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. ரைட்டருக்கு எண்பத்தொரு வயது, காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் புறப்பட்டுப் பாதியில் நிற்பதாக எஸ்டேட் ஆபீஸ் போனில் தகவல் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அப்ப நீ உக்காரு சாந்தா" என்றார்.

"எனக்கு அதுக்கு அதிகாரம் இல்லீங்களே" என்றேன்.

"அதிகாரம் இருக்கறவரு மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு. நீ இந்தப் பக்கம் இருக்கற. உக்காரு."

உட்கார்ந்தேன். நாற்பது வருடம் எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதியவர் அல்லவா, எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை தண்ணீர் கேட்டார். ஒரு முறை சிரித்தார். முடிந்ததும், "இது உன்னோட இருக்கோணும்" என்றார். சரி என்றேன்.

மன்னிப்பு நான் கொடுக்கவில்லை. சிலுவை அடையாளம்கூட என் நெற்றியில்தான் போட்டுக்கொண்டேன். இருவரும் சேர்ந்து உத்தம மனஸ்தாப செபம் சொன்னோம். "ரோடு சரியாயி சாமி வந்தா, முழுசாச் சொல்லிருங்க" என்றேன். "இதுக்கு மேல முழுசு இல்ல" என்றார். நாலே காலுக்கு உயிர் போயிற்று.

மற்றவர்களைப் பற்றி. இது காப்பிப் பழம் பறிக்கிற காலம். என் களத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து பழம் பொறுக்குகிறார்கள். கை ஓடும்போது வாயும் ஓடும். ரைட்டர் நிம்மதியாகப் போனார் என்ற பேச்சு பரவியபின் அந்த வாய் கொஞ்சம் ஆழமாக ஓடுகிறது. நான் யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் மன்னிக்கவும் இல்லை. எல்லாரிடமும் சாமியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றே சொல்கிறேன். பூவாயி, "அவரு எங்க கடைசிப் பையன் வயசுங்கக்கா, எப்பிடிங்க சொல்றது" என்றாள். வயது குறைவாக இருப்பது திருச்சபைச் சட்டப்படி குற்றமல்ல என்று உங்களுக்காக எடுத்துச் சொன்னேன்.

இப்படிக்கு,
சாந்தாமேரி, உபதேசியார்


மேல்சோலை
8 நவம்பர் 2025

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது. நீங்கள் மன்னிப்பு வழங்கவில்லை. அதாவது அங்கே அருட்சாதனம் எதுவும் நடக்கவில்லை. அதிகாரம் இல்லாத ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதே தண்டனைக்குரியது என்பதால் நான் கவலையில் இருந்தேன். நடந்தது ஒரு முதியவரோடு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் பேசிய பேச்சு. முதன்மைக் குருவிடமும் இப்படியே சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டு, கையெழுத்துக்காக மூன்று வாக்கியம் அனுப்பியிருக்கிறார்.

ஒன்று: சின்னப்பன் அவர்களின் பாவசங்கீர்த்தனத்தை நான் கேட்கவில்லை. இரண்டு: அவர் என்னிடம் பேசியது சாதாரணப் பேச்சு. மூன்று: ஆகவே அதை அவருடைய குடும்பத்தாரிடம் தெரிவிக்க எனக்குத் தடை ஏதும் இல்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அனுமதியை உடனே புதுப்பித்துவிடலாம். மூன்றாவது ஆசிருக்காகச் சேர்த்தது. தந்தையின் கடைசி வார்த்தைகளை அறிய ஒரு மகன் விரும்புவது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துவில்,
அருட்தந்தை கிறிஸ்துதாஸ்


செம்மநத்தம்
11 நவம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

மூன்று வாக்கியத்தையும் மூன்று முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடவில்லை.

ரைட்டர் பேசியது சாதாரணப் பேச்சு என்றால் நான் கேட்டதில் குற்றம் இல்லை. குற்றமில்லாத ஒன்றுக்கு எதற்குக் கையெழுத்து? பொறுக்குகிற களத்தில் யார் என்ன பேசினாலும் மறைவட்டத்திலிருந்து தாள் வருமா? அது பாவசங்கீர்த்தனம்தான் என்றால் நான் குற்றம் செய்துவிட்டேன். அப்படியானால் கேட்டதை வெளியே சொல்லும்படி உலகத்தில் யாரும் என்னைக் கேட்க முடியாது. இரண்டில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டையும் நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வாக்கியம் பொய். கேட்கவில்லை என்று எழுத முடியாது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நீங்கள் தாள் அனுப்பியதால் நானும் ஒன்று கேட்கிறேன். 2017இல் மேனகாவுக்கு ஏழு மாதத்தில் குழந்தை பிறந்தது. சேலத்துக்குக் கொண்டுபோகும் ஜீப்பிலேயே குழந்தை நீலம் பாய்ந்துவிட்டது. பாட்டில் தண்ணீரை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன். உங்களுக்கு முன்னிருந்த சாமி, செல்லும் என்று பதிவேட்டில் எழுதினார். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது, பக்கத்தில் உட்காருகிறவர்களைக் கடிக்கிறது. அதன் ஜென்மப் பாவம் என் கை ஊற்றிய தண்ணீரில் போயிற்று. எண்பத்தொரு வயதுக்காரரின் பாவம் மட்டும் ஆணின் கையைக் கேட்கிறது. ஏன் சாமி?

சண்டைக்குக் கேட்கவில்லை. பதினோரு வருடமாக மறைக்கல்வி நடத்துகிறேன், பிள்ளைகள் இதைக் கேட்கும்போதெல்லாம் பாட்டைத் தொடங்கிவிடுகிறேன். பாட்டுகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
சாந்தாமேரி


மேல்சோலை
15 நவம்பர் 2025

அன்புள்ள சகோதரிக்கு,

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். நேர்மையாகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

ஆண்டவர் பன்னிரண்டு திருத்தூதர்களைத் தெரிந்தெடுத்தார். பன்னிரண்டு பேரும் ஆண்கள். அந்தக் காலத்து வழக்கத்துக்கு அவர் அஞ்சினார் என்று சொல்ல முடியாது. மற்றக் காரியங்களில் பெண்களைப் பற்றிய வழக்கங்களை அவர் துணிந்து மீறியிருக்கிறார். ஆகவே அது அவராக விரும்பிச் செய்த தெரிவு. மேலும், பீடத்தில் குரு நிற்பது தன் சொந்தப் பெயரில் அல்ல, கிறிஸ்துவின் இடத்தில். அடையாளம் என்றால் அது எதைக் குறிக்கிறதோ அதன் சாயல் இருக்க வேண்டும். திருச்சபை மணமகள், அவர் மணமகன். கடைசியாக, இதை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று திருச்சபையே அறிவித்துவிட்டது. பெண்ணின் மாண்பு குறைவு என்று இதற்குப் பொருள் அல்ல.

நான் குருமடத்தில் படித்தது இதுதான். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

இன்னொன்றை மறைக்க விரும்பவில்லை. ஆசிரின் புகார் சட்டத்தைப் பற்றியது அல்ல. அவரும் தந்தையும் ஆறு வருடமாகப் பேசவில்லை. தாயின் அடக்கத்தன்று ஏதோ ஒரு வார்த்தை வந்திருக்கிறது. என்ன வார்த்தை என்று நினைவில்லை என்கிறார். நினைவில்லாத வார்த்தைக்கு யாரும் ஆறு வருடம் பேசாமல் இருப்பார்களா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடைசி நேரத்தில் தந்தை தன் பெயரைச் சொன்னாரா. குரு கேட்டிருந்தால் அவரிடம் விசாரிக்கவே முடியாது, குரு அல்லாதவர் கேட்டதால் விசாரிக்கலாம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

முழுதும் வேண்டாம். சொன்னார், சொல்லவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். அதோடு இந்த விவகாரம் முடிந்துவிடும். உங்கள் அனுமதியும் பிழைக்கும். யோசியுங்கள்.

கிறிஸ்துதாஸ்


செம்மநத்தம்
19 நவம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

யோசித்தேன். நான்கு நாள் ஆயிற்று. இரண்டு நாள் யோசனைக்கு, இரண்டு நாள் மழையில் பஸ் வராததற்கு.

பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பது சரி. பன்னிரண்டு பேரும் யூதர்கள் என்பதும் சரி. தூத்துக்குடிக்காரர் ஒருவரும் அதில் இல்லை, ஆனாலும் உங்களுக்குப் பட்டம் கொடுத்தார்கள். அதில் எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடலாம் என்று யார் பிரித்தார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஆண்டவர் தாம் உயிர்த்த செய்தியை முதலில் ஒரு பெண்ணிடம்தான் சொல்லி அனுப்பினார். ஆண்கள் நம்பவில்லை. அன்றிலிருந்து அதை அறிவிக்கும் வேலை அவர்களிடமே இருக்கிறது.

சாயல் பற்றி. போன வருடம் பெரிய வெள்ளிக்கு இங்கே இயேசுவாக நடிக்க ஆள் இல்லை. ஆண்கள் பாதிப்பேர் திருப்பூரில். என் மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் ஷெர்லினுக்குத் தாடி ஒட்டிச் சிலுவையைக் கொடுத்தோம். சிலுவைப் பாதையின் மூன்றாம் இடத்தில் அவள் விழுந்தபோது தாடி ஒரு பக்கம் கழன்றது. அதற்கப்புறம்தான் கூட்டம் அழுதது. சாயல் குறைந்துவிட்டது என்று யாரும் எழுந்து போகவில்லை.

மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்று திருச்சபை முழு அதிகாரத்தோடு சொல்லியிருக்கிறது என்கிறீர்கள். இதை நான் கேலி செய்யவில்லை. எஸ்டேட்டில் பிள்ளைக்காப்பகம் நடத்தியபோது மானேஜரும் இதையேதான் சொல்வார். அவரையும் நான் மதித்தேன்.

இனி ஆசிர். அந்தத் தம்பியை நினைத்தால் எனக்கு நொம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து காப்பகத்தில் என் மடியில் வளர்ந்தவன். ஒரே ஒரு வார்த்தை என்கிறீர்கள். சொன்னார் என்றால் என்ன சொன்னார் என்பது அடுத்த கேள்வி. சொல்லவில்லை என்றால் அதுவும் ரைட்டர் என்னிடம் கொடுத்ததில் ஒரு பகுதிதான். சொல்லாமல் விட்டதும் அவருடையது. அதைப் பிரித்து அரைப்படி கால்படியாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கேள்வியை ஒரு குருவிடம் கேட்டிருப்பீர்களா? மாட்டீர்கள். ஆண் என்பதால் அவரிடம் கேட்கக் கூடாது, பெண் என்பதால் என்னிடம் கேட்கலாம். குரு வாயை மூடிக்கொள்வது சட்டத்துக்காக. நான் மூடிக்கொள்வது ரைட்டரிடம் சரி என்று சொல்லிவிட்டதற்காக. உங்களுக்குத் தண்டனை உண்டு, பட்டம் போகும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே நான் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாந்தாமேரி


மேல்சோலை
24 நவம்பர் 2025

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நீங்கள் படிக்காமலே சொன்னது அதில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தின் வழியாக ஒருவரின் பாவம் யாருக்குத் தெரிய வந்தாலும், மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் ஆனாலும், வேறு எவர் ஆனாலும், இரகசியம் காக்கும் கடமை உண்டு. ஆகவே நீங்கள் எழுதிய இரண்டு பக்கமும் சரி. அருட்சாதனமாக எண்ணி அவர் சொன்னார் என்றால் நீங்கள் பேசக் கூடாது. இல்லை என்றால் நாங்கள் கேட்க முகாந்தரம் இல்லை.

இதை நான்கு பக்கத்தில் முதன்மைக் குருவுக்கு எழுதினேன். பதில் ஒரு வரியில் வந்தது. "நல்ல ஆராய்ச்சி. 28ஆம் தேதிக்குள் கையெழுத்து வாங்கி அனுப்பவும்."

நான் அவருக்குக் கீழ்ப்படிய வாக்குக் கொடுத்தவன். வாக்கு என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கையெழுத்து இல்லாமல் அனுமதியைப் புதுப்பிக்க என்னால் முடியாது.

இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று. அக்டோபர் 21ஆம் தேதி ரோடுதான் அடைபட்டிருந்தது. காப்பிக் காட்டு வழியாக நடந்தால் இரண்டு மணி நேரம் என்று ஜீப் டிரைவர் சொன்னார். ஆசிரும் ஜீப்பில் இருந்தார். அவர் நடக்கவில்லை, நானும் நடக்கவில்லை. அட்டைப்பூச்சி அதிகம் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவருடைய காரணம் என்னுடையதைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துதாஸ்


செம்மநத்தம்
27 நவம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

கோவில் சாவியை இத்துடன் கோகுலிடம் கொடுத்திருக்கிறேன். பெரிய சாவி பெரிய கதவுக்கு. சின்னது புத்தக அலமாரிக்கு, அதைப் பாதி திருப்பி ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட மாட்டேன். எட்டு முறை பேனாவை எடுத்தேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் எடுக்கவில்லை.

பதினோரு வருடம் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசித்திருக்கிறேன். அது எனக்குப் பிடித்த வேலை. இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்த வேலை வேறு இருந்ததாக ஞாபகம் இல்லை. இதை எழுதுவது நீங்கள் மனம் மாற வேண்டும் என்பதற்காக அல்ல. விலை தெரியாமல் கொடுத்தேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

காட்டு வழி பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அந்த வழியில் மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி அதிகம் என்பது உண்மைதான்.

சாந்தாமேரி


மேல்சோலை
29 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாவி வந்தது. நாளை திருவருகைக்கால முதல் ஞாயிறு. எனக்கு இங்கே இரண்டு பூசை இருக்கிறது. செம்மநத்தத்தில் வழிபாடு நடத்த அனுமதி உள்ள ஒரே ஆள் பேரவைச் செயலர்தான். ஆகவே ஆசிரிடம் சாவியைக் கொடுத்து அனுப்புகிறேன். வேறு யாராவது கிடைக்குமா என்று பங்கு முழுதும் பார்த்துவிட்டேன்.

இது உங்களைத் தண்டிக்க எடுத்த முடிவு போலத் தெரியும். அப்படி இல்லை. அப்படி இல்லை என்று எழுத வேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துதாஸ்


செம்மநத்தம்
1 டிசம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

நேற்றைய வழிபாட்டைப் பற்றி உங்களுக்கு அறிக்கை வேண்டியிருக்கும். ஆசிர் அதை எழுதுவார் என்று தோன்றவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு வந்தார். அலமாரியைத் திறக்க முடியவில்லை. நான் வெளியிலிருந்தே பாதி திருப்பித் தட்டச் சொன்னேன். முப்பத்தொரு பேர் வந்திருந்தோம். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக வேலை எதுவும் இல்லாமல் கோவிலின் முன்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்ததில், மேலே ஒரு ஓடு உடைந்திருப்பது தெரிந்தது. கவனிக்க வேண்டும்.

மெழுகுதிரி வளையத்தில் ஊதா நிறத் திரியை ஏற்றுவதற்குப் பதில் ரோஜா நிறத்தை ஏற்றினார். அது மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. யாரும் சொல்லவில்லை. பூவாயி என் காதில், "பதினஞ்சு நாளு முந்திக்கிட்டமாட்ட இருக்குங்கக்கா" என்றாள். வாசகத்தை நல்ல குரலில் வாசித்தார். மன்றாட்டில் இறந்தவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டும். அந்தத் தாளை எப்போதும் போல நான்தான் எழுதி மேசையில் வைத்திருந்தேன். சாவி போனாலும் வழக்கம் போகவில்லை, மன்னிக்கவும். நான்கு பெயர் படித்தார். ஐந்தாவது பெயர் சின்னப்பன். அங்கே நின்றுவிட்டார்.

கடைசியில் கலாவதி இருந்த இடத்திலிருந்தே அந்தப் பெயரைச் சொன்னாள். எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். பிறகு தொடர்ந்தார்.

வழிபாடு முடிந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் களத்துக்கு வந்தார். அங்கே யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. "ஏனுங்க அக்கா, எங்கப்பா" என்று தொடங்கினார். "அது எங்கிட்ட இல்லீங்க தம்பி, உங்கப்பாகிட்ட இருக்குது" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. காய்கிற காப்பியைக் கோரிப் புரட்டி விட ஒரு பலகை கொடுத்தேன். கோரினார். இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார். போகும் முன் சாப்பிட்டார்.

அறிக்கை இவ்வளவுதான்.

சாந்தாமேரி


மேல்சோலை
3 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஆசிர் வந்து புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகம் நன்றாக இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு, "சாமி, நமக்கு அந்த வேல ஆகாதுங்க. ஊதா எது ரோஜா எதுன்னே தெரியல" என்றார். பேரவையில் இத்தனை வருடத்தில் தனக்கு ஒன்று தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. உங்கள் களத்தில் இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறார்.

முதன்மைக் குருவுக்குத் தகவல் அனுப்பினேன். புகார் இல்லை என்றால் கையெழுத்தும் தேவையில்லை என்று பதில் வந்தது. கோப்பை மூடவில்லை, ஆனால் திறக்கவும் மாட்டார்களாம். ஆகவே ஓராண்டுக்கான அனுமதிக் கடிதத்தையும் சாவியையும் இத்துடன் அனுப்புகிறேன். கடிதத்தில் வழக்கமான வாசகம்தான் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை.

உங்கள் கேள்விக்கு ஒன்பது பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது முதலில் எழுதியதையே கொஞ்சம் நீளமாக எழுதியிருப்பது தெரிந்தது. கிழித்துவிட்டேன். விதி இருக்கிறது. நான் அதற்குக் கட்டுப்பட்டவன், கட்டுப்படுவேன். அதை நம்பியும் இருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது விதி எது என்று அல்ல. சின்னப்பன் ஐயாவுக்குப் பக்கத்தில் அன்று உட்கார உங்களிடம் இல்லாத எது என்னிடம் இருந்தது என்று கேட்டீர்கள். ஜீப்பில் உட்கார்ந்திருந்த என்னை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வரும் ஞாயிறு நான் பூசைக்கு வருகிறேன். பஸ் ஓடாவிட்டாலும் வருகிறேன்.

கிறிஸ்துதாஸ்

பி.கு. முதல் பத்தியின் முடிவில் ஒன்றரை வரியை அடித்திருக்கிறேன். வேறு தாளில் எழுதியிருக்க வேண்டும், கோகுல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் படிக்க வேண்டாம்.


செம்மநத்தம்
5 டிசம்பர் 2025

மதிப்புக்குரிய சாமிக்கு,

மரியாயே வாழ்க.

அனுமதிக் கடிதமும் சாவியும் கிடைத்தன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பதில் தெரியவில்லை என்று எழுதியதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புக்கும் வந்து, அதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விதியை நான் சொல்லிக்கொள்கிறேன். பதில் இல்லை என்பதை விதியின் பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். ஷெர்லின் மேலும் கேட்பாள். பாட்டைத் தொடங்கிவிடாதீர்கள்.

நடந்து வருவதாக இருந்தால் கால் முழுக்க உப்பும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு கிளம்புங்கள்.

அடித்திருந்த ஒன்றரை வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். ஆசிர் என்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடித்தது நல்லது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அழுத்தி அடியுங்கள்.

சாந்தாமேரி, உபதேசியார்